சுழியம் என்றால் ‘நடக்காது’ என்றா பொருள்?

3 பிப்ரவரி 2025 – பட்டர்வொர்த் வாசகர் ஒருவரின் கேள்வி

என் மகள் படிக்கும் டியூஷனில் ஒரு வினா: ‘நிகழ்தகவு 0 என்றால் அந்த நிகழ்ச்சி நடக்கவே நடக்காது. சரியா, தவறா?’ அவள் ‘தவறு’ என்று எழுதினாள். ஆசிரியர் சிவப்பு மையால் அடித்துவிட்டார். நானும் ஆசிரியர் பக்கம்தான். சுழியம் என்றால் ஒன்றுமில்லை. ஒன்றுமில்லாதது எப்படி நடக்கும்? பகடையில் 7 விழுமா? அவள் ஒப்புக்கொள்ளவில்லை. இரண்டு நாளாக என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஐயா பினாங்கில் பல காலம் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர். ஒரு வரியில் தீர்ப்புச் சொல்லுங்கள்.

3 பிப்ரவரி, இரவு

ஒரு வரியில்: மகள் எழுதியதுதான் சரி.

பகடையில் 7 விழாது, உண்மைதான். ஆனால் அது விழாததற்குக் காரணம் அதன் நிகழ்தகவு சுழியம் என்பதன்று. பகடையில் 7 என்ற முகமே இல்லை. கூறுவெளியில், அதாவது விழக்கூடியவற்றின் பட்டியலில், 1 முதல் 6 வரைதான் இருக்கின்றன. பட்டியலில் இல்லாததற்குச் சுழியம் கொடுக்கிறோம். அதை அப்படியே திருப்பிப்போட்டு, ‘சுழியம் வாங்கியதெல்லாம் பட்டியலில் இல்லாதது’ என்று சொல்ல முடியாது. பசுவுக்கு நாலு கால். நாலு கால் உள்ளதெல்லாம் பசுவாகிவிடுமா தம்பி?

தைப்பூசம் வருகிறது, தேங்காயையே எடுத்துக்கொள்வோம். உடைத்தால் இரண்டு மூடி. முழு எடையில் முதல் மூடியின் பங்கு எவ்வளவு? 0-க்கும் 1-க்கும் நடுவில் ஏதோ ஓர் எண். அது மிகச் சரியாகப் பாதியாக இருக்க நிகழ்தகவு என்ன? 0.5, அதற்குப் பின்னால் முடிவில்லாமல் சுழியங்கள், ஓர் இடத்தில்கூட வேறு இலக்கம் வரக்கூடாது. அந்த ஒரு புள்ளிக்குரிய நிகழ்தகவு சுழியம். 0.4983 என்று தொடங்கும் வேறு எந்த ஒரு புள்ளியை எடுத்தாலும் அதற்கும் சுழியம்தான். ஆனாலும் தேங்காய் ஏதோ ஒரு பங்கில் உடைந்துதானே தீருகிறது? உடைந்த அந்தப் பங்கு, உடைவதற்கு முன் சுழியம் வாங்கிய ஒன்று.

4 பிப்ரவரி

நேற்று எழுத விட்டுப்போனது. அந்த ஆசிரியர் மீது கோபப்பட வேண்டாம். வகுப்பில் நானும் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் ‘சுழியம் என்றால் நடக்காது, ஒன்று என்றால் நடந்தே தீரும்’ என்றுதான் கரும்பலகையில் எழுதினேன். பகடை, நாணயம், சீட்டுக்கட்டு என்று எண்ணி முடிக்கக்கூடியவற்றிலேயே வினாக்கள் நிற்கும் வரை அது எங்கும் இடறாது. இடறாத காரணத்தால் அது சரி என்று நம்பிவிட்டேன். ஒரு தலைமுறைப் பிள்ளைகளுக்கு அதைக் கொடுத்து அனுப்பியிருக்கிறேன் என்பது எனக்கு உறுத்துகிறது.

1933-இல் ரஷ்யக் கணித அறிஞர் கொல்மொகோரவ் ஒரு சிறு நூலில் நிகழ்தகவுக்கு அடிப்படை விதிகள் வகுத்துக் கொடுத்தார். வெற்றுக்கணத்துக்கு, அதாவது ஒன்றுமே இல்லாத பட்டியலுக்கு, சுழியம்; ஆனால் சுழியம் வாங்கியது வெற்றுக்கணமாக இருக்க வேண்டியதில்லை என்பதை அந்தச் சிறு நூலிலேயே அவர் சொல்லிவிட்டார்.

6 பிப்ரவரி

தமிழில் ‘நடக்காது’ என்பதற்கு எத்தனை சொற்கள் என்று இன்று ஆயர் ஈத்தாம் சந்தையிலிருந்து நடந்து வரும்போது எண்ணிக்கொண்டே வந்தேன். குதிரைக் கொம்பு. முயற்கொம்பு. ஆகாயத் தாமரை. மலடி மகன். கல்லில் நார் உரிப்பது. மணலைக் கயிறாகத் திரிப்பது. அத்தி பூத்தாற்போல்.

எல்லாம் ஒன்றல்ல. ‘இந்த வாடகைக்கு ஜார்ஜ் டவுனில் வீடு கிடைப்பது குதிரைக் கொம்பு’ என்றால் கிடைக்கவே கிடைக்காது என்று யாரும் எடுத்துக்கொள்வதில்லை. அரிது என்றுதான் கொள்கிறோம். முயற்கொம்பு அப்படியன்று, யாரும் கண்டதில்லை. ஆனால் ‘முயல்’ என்ற சொல்லுக்குள் ‘கொம்பில்லாதது’ என்ற நிபந்தனை ஒளிந்திருக்கவில்லை; உலகம் இப்படி அமைந்திருப்பதால் இல்லை, அவ்வளவுதான். மலடி மகன் முற்றிலும் வேறு. முதற் சொல்லே இரண்டாம் சொல்லை அடித்துவிடுகிறது. எந்த உலகத்திலும் இராது. பழைய தருக்க நூல்கள் இவற்றையெல்லாம் இல்பொருள் என்று ஒரே மூட்டையில் கட்டிவைத்தன. நிகழ்தகவு படிக்கிறவன் அந்த மூட்டையை அவிழ்த்தாக வேண்டும்.

பகடையில் 7 என்பது மலடி மகன் வகை. தேங்காய் மிகச் சரியாகப் பாதியாக உடைவது இந்தப் பட்டியலில் எதிலும் சேராது. அதற்குத் தமிழில் பழமொழியே கிடையாது என்று நினைக்கிறேன்.

6 பிப்ரவரி, சற்று நேரம் கழித்து

மலடி மகன் என்ற சொல்லை இனி எழுதமாட்டேன். படித்துவிட்டு என் மனைவி ஒன்றும் சொல்லாமல் கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்தாள், அதுவே போதும். இனி ‘நாலு பக்க முக்கோணம்’.

7 பிப்ரவரி

அத்தியைப் பற்றி ஒரு திருத்தம். அத்தி பூப்பது அரிதே அன்று. நாம் காய் என்று நினைக்கிற உருண்டைக்குள்ளேதான் பூக்கள் இருக்கின்றன, நூற்றுக்கணக்கில். வெளியே தெரிவதில்லை. ஆக, ‘அத்தி பூத்தாற்போல்’ என்பது அரியதன் கணக்கன்று, கண்ணுக்குப் படாததன் கணக்கு. நாம் காணாததற்கெல்லாம் சுழியம் எழுதிவிடும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. இதற்குப் பிறகு வருகிறேன், மறந்தால் யாராவது நினைவூட்டுங்கள்.

9 பிப்ரவரி

நாலு நம்பரை, நாலு இலக்க எண்ணுக்குப் பரிசு தரும் குலுக்கலைப் பற்றி ஒருவர் தனியாகக் கேட்டிருந்தார். 0000 எடுப்பதில் பயனில்லை, அது வராத நம்பர் என்று அவருடைய அப்பா சொல்வாராம்.

என் அப்பாவும் நம்பர் எடுத்தவர்தான். வாரத்துக்கு 3 குலுக்கல், புதன், சனி, ஞாயிறு. பள்ளிக்கூட நோட்டுப் புத்தகத்தில் முதல் பரிசு எண்களை வரிசையாக எழுதி வைத்திருப்பார், நீல மை, ஒவ்வொரு பக்கத்திலும் நடுவே மடித்த கோடு. ‘இன்னும் வராத நம்பர்’ என்று தனியாக ஒரு பக்கம். அந்தப் பக்கத்தில் உள்ளவை வந்தே தீர வேண்டும் என்று சில காலம் நம்புவார்; வேறு சில காலம் அவை வரவே வராது என்பார்.

0000 முதல் 9999 வரை 10,000 எண்கள், முதல் பரிசுக்கு எல்லாம் சமம். வாரத்துக்கு 3 என்றால் ஆண்டுக்கு 156 குலுக்கல். 10,000 குலுக்கல் முடிய 64 ஆண்டுகள். அத்தனை குலுக்கலுக்குப் பிறகும் ஒரு குறிப்பிட்ட எண் ஒருமுறைகூட முதல் பரிசுக்கு வராமல் இருக்க நிகழ்தகவு 0.9999-ஐ 10,000 தடவை பெருக்கினால் வருவது, ஏறத்தாழ 0.368. அதாவது ஒரு மனிதன் வாழ்நாள் முழுதும் பார்த்தாலும் 3,679 எண்கள் அளவுக்கு ‘வராதவை’ பக்கத்திலேயே கிடக்கும். அவற்றில் எதுவும் நடவாதது அன்று. அடுத்த புதன்கிழமை வர ஒவ்வொன்றுக்கும் 10,000-இல் 1 வாய்ப்பு இருக்கிறது. அப்பாவிடம் இதை உட்கார்ந்து பேச எனக்கு ஒருநாளும் வாய்க்கவில்லை.

இது சுழியக் கதை அன்று, சிறிய எண்ணின் கதை. ஆனாலும் நம் மனம் சிறியதைச் சுழியமாக்கும் இடம் இதுதான்.

11 பிப்ரவரி, தைப்பூசம்

நேற்று வெள்ளி ரதம் வந்த வழியில் நின்றேன். சாலையோரம் தேங்காய்கள் மலைபோல். தமிழர், சீனர் என்ற வேறுபாடில்லாமல் எறிந்து உடைத்துக்கொண்டிருந்தார்கள். சிதறும் தேங்காய்க்கு இரண்டு மூடிக் கணக்குப் பொருந்தாது என்பதை அங்கே நின்றபோதுதான் உணர்ந்தேன். தூள் தூளாகப் போகிறது. 3-ஆம் தேதி எழுதியது வீட்டில் அரிவாள் முதுகால் தட்டி உடைக்கும் தேங்காய்க்கே பொருந்தும். எறிந்து உடைப்பதில் ஒவ்வொரு சில்லும் எங்கே விழும் என்று முழுவதையும் சேர்த்துக் கேட்டால், நேற்று அந்தத் தார்ச்சாலையில் நான் பார்த்த ஒவ்வோர் உடைப்பும் அதற்கு முன் ஒருபோதும் நடக்காதது, இனியும் நடக்காதது. ஒவ்வொன்றும் சுழியம். கண் முன்னே ஆயிரக்கணக்கான சுழியங்கள் நடந்துகொண்டே இருந்தன. கால் நனைய அங்கேயே நின்றேன்.

12 பிப்ரவரி

மகளிடமிருந்து கேள்வி வந்திருக்கிறது, அப்பா வழியாக. (இருவரும் பேசிக்கொள்கிறார்கள் என்று தெரிகிறது, மகிழ்ச்சி.) ‘ஒவ்வொரு புள்ளிக்கும் சுழியம் என்றால், எல்லாவற்றையும் கூட்டினால் சுழியம்தானே வரவேண்டும்? 1 எப்படி வருகிறது?’

கேட்க வேண்டிய கேள்வி. கூட்டல் என்பது ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசை வைக்கக்கூடியவற்றுக்குத்தான். வரிசை முடியாமல் போய்க்கொண்டே இருந்தாலும் பரவாயில்லை, ஆனால் வரிசை இருக்க வேண்டும். 0-க்கும் 1-க்கும் இடையில் உள்ள எண்களை அப்படி வரிசை வைக்கவே முடியாது என்று கணித அறிஞர் கேன்டர் நிறுவினார். எந்த வரிசையைக் கொடுத்தாலும் அதில் இல்லாத ஓர் எண்ணைச் செய்து காட்டிவிடலாம். அதனால் புள்ளி புள்ளியாகக் கூட்டி 1-ஐ அடைய வழியே இல்லை. நீளத்தைப் போல. புள்ளிக்கு நீளம் இல்லை, ஆனால் பினாங்குப் பாலம் 13.5 கிலோமீட்டர்.

இதன் மறுபக்கம் இன்னும் வியப்பு. 1, 2, 3 என்று முடிவில்லாமல் போகும் எல்லா முழு எண்களையும் ஒரு குடத்தில் போட்டு, எல்லாவற்றுக்கும் சம வாய்ப்புக் கொடுத்து ஒன்றை எடுக்க முடியுமா? கொல்மொகோரவ் விதிப்படி முடியாது. சுழியம் கொடுத்தால் கூட்டுத்தொகை சுழியம். எவ்வளவு சிறிதாகக் கொடுத்தாலும் கூட்டுத்தொகை முடிவிலி. அந்தக் குலுக்கல்தான் உண்மையில் நடவாதது. இத்தாலியக் கணித அறிஞர் டி ஃபினெட்டி இதை ஏற்கவில்லை. முடிவிலா வரிசையைக் கூட்டும் விதியே வேண்டாம் என்றார். நான் கொல்மொகோரவ் பக்கம்.

14 பிப்ரவரி, வெள்ளிக்கிழமை

நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

மாலைப் பூசைக்கு மனைவி தேங்காய் உடைத்தாள். நேர்க்கோடு போட்டதுபோல் விரிசல், கண்ணுக்குச் சரிபாதி. நீரை வடித்துவிட்டு இரண்டு மூடியையும் சமையலறைத் தராசில் வைத்தேன், கேக் செய்ய மகன் வாங்கி வைத்தது. முதல் மூடி 214 கிராம். இரண்டாவது மூடி 214 கிராம்.

மகன் கைகொட்டினான். ‘சுழியம் நடந்துவிட்டது அப்பா!’

எனக்கும் ஒரு கணம் மயிர்க்கூச்செறிந்தது. பிறகுதான் தராசின் முகத்தைப் பார்த்தேன். 1 கிராமுக்குக் கீழே அது காட்டாது. 213.5-இலிருந்து 214.5 வரை எதை வைத்தாலும் 214. ஆக, நாங்கள் பார்த்தது ‘இரண்டும் சமம்’ என்ற புள்ளி அன்று. ‘இரண்டுக்கும் உள்ள வேறுபாடு 1 கிராமுக்கு மேல் இல்லை’ என்ற ஓர் இடைவெளி. அந்த இடைவெளிக்கு நிகழ்தகவு சுழியம் இல்லை, சிறியது, அவ்வளவுதான்.

15 பிப்ரவரி

மனம் கேட்கவில்லை. இரண்டு மூடியையும் பையில் போட்டுக்கொண்டு லிட்டில் இந்தியாவில் தெரிந்த நகைக்கடைக்குப் போனேன். தங்கம் நிறுக்கும் தராசு, 0.01 கிராம் வரை காட்டுவது, கண்ணாடிக் கூண்டுக்குள் இருந்தது. கடைக்காரர் கேள்வி எதுவும் கேட்காமல் ஒரு துணியைத் தட்டில் விரித்து, அதன் எடையைக் கழித்துவிட்டு, மூடிகளை ஒவ்வொன்றாக வைத்தார். 211.36. 210.81. வேறுபாடு 0.55.

அந்தக் கடையில் நின்றபடியே எனக்கு ஒன்று தெளிவானது, அது நான் 3-ஆம் தேதி எழுதியதைத் தொடுகிறது. ‘உடைந்த அந்தப் பங்கு சுழியம் வாங்கிய ஒன்று’ என்று எழுதினேன். ஆனால் அந்தப் பங்கை யார் பார்த்தார்கள்? எந்தத் தராசும் புள்ளியைக் காட்டாது. சமையலறைத் தராசு ஒரு கிராம் அகல இடைவெளி, நகைக்கடைத் தராசு நூறில் ஒரு கிராம் அகல இடைவெளி. எவ்வளவு நுட்பமான தராசு வந்தாலும் அது காட்டுவது இடைவெளிதான். சுழியம் வாங்கிய நிகழ்ச்சி நடந்ததை ஒருவரும் ஒருநாளும் தராசில் பார்த்ததில்லை, பார்க்கப் போவதுமில்லை.

15 பிப்ரவரி, இரவு

பட்டர்வொர்த் தம்பி பிடித்துவிட்டார்: ஓர் இரவு முழுவதும் வைத்திருந்தால் தேங்காய் காயாதா? காயும். நேற்று 214, இன்று 211. 3 கிராம் அளவுக்கு ஈரம் போயிருக்கிறது. இரண்டு மூடியும் ஒரே அளவில் காய்ந்தன என்பதற்கு உறுதியில்லை. ஒரு மூடியை நான் குளிர்பெட்டியின் மேல் வைத்திருந்தேன், அங்கே சூடு. அந்த 0.55-க்கு நான் பொறுப்பேற்க முடியாது. நேற்று எவ்வளவு வேறுபாடு இருந்தது என்பது போய்விட்டது, திரும்ப வராது. இடைவெளி பற்றிச் சொன்னது மட்டும் நிற்கிறது.

18 பிப்ரவரி

மூன்று நாள் யோசித்து முன்னதைவிடச் சங்கடமான ஓர் இடத்துக்கு வந்திருக்கிறேன்.

0-க்கும் 1-க்கும் இடையில் உள்ள கூறுவெளியிலிருந்து 0.5 என்ற ஒரே ஒரு புள்ளியைப் பிடுங்கி எறிந்துவிடுகிறேன் என்று வையுங்கள். எந்த இடைவெளியின் நிகழ்தகவும் மாறாது. எந்தச் சராசரியும் மாறாது. இரண்டு மாதிரிகளில் ஒன்றில் ‘சரிபாதி’ நடக்கக்கூடியது. மற்றதில் நாலு பக்க முக்கோணம் போல நடவாதது. ஆனால் நிகழ்தகவு இரண்டிலும் ஒரே சுழியத்தைத்தான் சொல்கிறது. உலகில் எந்தச் சோதனையாலும் இரண்டையும் வேறுபடுத்த முடியாது.

இதிலிருந்து தெரிவது: எது நடக்கக்கூடியது, எது நடவாதது என்று நிகழ்தகவுக்குத் தெரியவே தெரியாது. அதைக் கூறுவெளியை எழுதும்போது நாமே எழுதிவைக்கிறோம். நிகழ்தகவு அதற்குப் பிறகு வந்து அளக்கிறது. ‘சுழியம், ஆகவே நடக்காது’ என்பது தவறு என்று மட்டும் நான் முன்பு சொன்னேன். ‘சுழியம், இருந்தும் நடக்கும்’ என்பதும் நிகழ்தகவின் கூற்று அன்று என்று இப்போது சேர்த்துக்கொள்கிறேன். மகளின் விடை இன்னும் சரிதான், ஏனென்றால் வினா ‘நடக்கவே நடக்காது’ என்பது கட்டாயமா என்றுதான் கேட்டது.

22 பிப்ரவரி

தேங்காய் அணுக்களால் ஆனது, அணுக்களை எண்ணிவிடலாம், பிறகு தொடர்ச்சியான எண்கோடு எதற்கு என்று ஒருவர் கேட்டார். நியாயம். கணக்குப் போட்டேன். மூடிகளின் எடை வேறுபாடு வழக்கமாக 10, 20 கிராமுக்குள் எங்கோ விழும். 18 கிராம் நீரில் 6.02-ஐ 10-இன் 23-ஆம் அடுக்கால் பெருக்கினால் வரும் அத்தனை மூலக்கூறுகள். தேங்காய் நீரன்று, தோராயத்துக்கு இது போதும். ஆக, இரண்டு மூடியும் ஒரு மூலக்கூறுகூட மிகாமல் சமமாக இருக்க நிகழ்தகவு, 1-ஐ 10-இன் 23-ஆம் அடுக்கால் வகுத்தால் வருவதற்குப் பக்கத்தில்.

பிரெஞ்சுக் கணித அறிஞர் எமில் போரெல் இப்படிப்பட்ட எண்களுக்குப் படிகள் வைத்தார். 10 இலட்சத்தில் 1 என்பதை ஒரு மனிதன் தன் வாழ்வில் பொருட்படுத்த வேண்டியதில்லை. 10-இன் 15-ஆம் அடுக்கில் 1, இந்தப் பூமி அளவில் நடக்காது. 50-ஆம் அடுக்கில் 1, அண்டம் அளவிலேயே நடக்காது. நம் தேங்காய் பூமிக்கும் அண்டத்துக்கும் நடுவே உட்கார்ந்திருக்கிறது. அவருக்கு முன்பே, 1843-இல் கூர்னோ என்ற இன்னொரு பிரெஞ்சுக் கணித அறிஞர் இதே வழியில் சென்றிருக்கிறார். கூம்பு ஒன்று தன் முனையில் அசையாமல் நிற்பதைக் கணிதம் தடுக்கவில்லை. ஆனாலும் அதை இயற்கையில் நடவாதது என்றே கொள்ள வேண்டும் என்றார்.

எண்கோட்டில் வைத்தால் சுழியம், அணுவில் வைத்தால் சுழியமில்லை. ஒரே தேங்காய்.

1 மார்ச்

அத்தியிடம் திரும்பி வருவேன் என்றேன்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. காலையில் சுமத்ரா பக்கம் நிலநடுக்கம்; இங்கே உயர்மாடிக் குடியிருப்புகளில் ஆட்டம் தெரிந்தது. மாமா வீட்டில் பசியாறிக்கொண்டிருந்தோம். விளக்கு ஆடுவதைப் பார்த்து அத்தை எழுந்தபோது மாமா சொன்னார்: ‘சுமத்ரா குறுக்கே கிடக்கிறது. நமக்குக் கடலால் ஒன்றும் வராது. உட்கார்.’ அது அவருடைய எண்ணம் மட்டுமன்று. அந்தத் தீவு நமக்குச் சுவர் என்று என் பள்ளி நாளிலிருந்தே கேட்டிருக்கிறேன், நானும் நம்பினேன். மதியம் ஒரு மணிக்குப் பிறகு அலை வந்தது. இந்த நாட்டில் 68 பேர் இறந்தார்கள், பெரும்பாலோர் இந்த மாநிலத்தில், விடுமுறைக்குக் கடற்கரைக்குப் போனவர்களும் அதில் உண்டு. நிலநடுக்கத்துக்கும் அலைக்கும் நடுவே சில மணி நேரம் இருந்தது.

மாமா சொன்ன சுழியம் தேங்காயின் சுழியம் அன்று. பகடையின் 7-உம் அன்று. நாம் பார்த்ததில்லை, ஆகவே பட்டியலிலேயே எழுதவில்லை. கூறுவெளியை எழுதும்போதே விட்டுவிட்ட சுழியம் இது. மற்றச் சுழியங்களால் யாருக்கும் ஒன்றும் ஆகாது. இந்தச் சுழியம் ஆளைக் கொல்லும்.

புள்ளியியல் அறிஞர் டென்னிஸ் லிண்ட்லி இதற்கு ஒரு விதி சொன்னார், கிராம்வெல் விதி என்று பெயர் வைத்தார். 1650-இல் ஸ்காட்லாந்துத் திருச்சபைக்கு எழுதிய கடிதத்தில், நீங்கள் தவறியிருக்கக்கூடும் என்று எண்ணிப் பாருங்கள் என்று இங்கிலாந்துப் படைத்தலைவர் ஆலிவர் கிராம்வெல் கெஞ்சிக் கேட்டிருந்தார். தருக்கப்படி முரண்படாத எதற்கும் உன் நம்பிக்கையில் சுழியம் கொடுக்காதே என்பது விதி. காரணம் எளிய பெருக்கல். புதுச் சான்று வரும்போது பழைய நம்பிக்கையை அதனால் பெருக்கித்தான் திருத்துகிறோம். சுழியத்தை எதனால் பெருக்கினாலும் சுழியம். அன்று காலை ஆடிய விளக்கு எங்களுக்குக் கிடைத்த சான்று. நாங்கள் அதைச் சுழியத்தால் பெருக்கினோம்.

2 மார்ச்

மகள் விடவில்லை: ‘அப்படியானால் தேங்காய் சரிபாதி என்பதற்குச் சுழியம் கொடுத்தது கிராம்வெல் விதிக்கு எதிரானதில்லையா?’

எதிரானதுதான், ஒரு வகையில். புள்ளிக்குச் சுழியம் கொடுத்துவிட்டால் எத்தனை தராசில் நிறுத்தாலும் ‘மிகச் சரியாகப் பாதி’ என்ற நம்பிக்கை சுழியத்திலிருந்து எழாது. ஆனால் அந்தப் புள்ளியைச் சுற்றியுள்ள ஒவ்வோர் இடைவெளிக்கும், எவ்வளவு குறுகியதானாலும், நாம் சுழியத்துக்கு மேல் கொடுத்திருக்கிறோம். சான்று வர வர அந்த இடைவெளிகளுக்குள் நம்பிக்கை முழுவதையும் நெருக்கிக் கொண்டுபோகலாம். கதவு அடைக்கப்படவில்லை. மாமா அடைத்தது முழு இடைவெளியை, அலை வரக்கூடிய எல்லா உயரங்களையும் சேர்த்து.

இந்தப் பெண் கணிதம் படிக்க வேண்டும். அப்பாவிடம் சொல்லிவிட்டேன்.

5 மார்ச்

தம்பி எழுதியிருக்கிறார்: மகள் இந்தத் தேங்காய்க் கணக்கை ஒரு தாளில் எழுதி ஆசிரியரிடம் கொடுத்தாளாம். அவர் வாங்கி வைத்துக்கொண்டு, மறுவகுப்பில் மதிப்பெண்ணைத் திருத்திக் கொடுத்ததோடு, பிள்ளைகள் எல்லாருக்கும் இன்னொரு வினாவும் போட்டிருக்கிறார்: ‘நிகழ்தகவு 1 என்றால் நடந்தே தீருமா?’

நாணயத்தை முடிவில்லாமல் சுண்டிக்கொண்டே போகட்டும் அம்மா. எப்போதாவது ஒருமுறை தலை விழ நிகழ்தகவு 1. ஆனால் பூ, பூ, பூ என்று போய்க்கொண்டே இருக்கும் வரிசையும் பட்டியலில் இருக்கிறது, மற்ற எந்த வரிசைக்கும் உள்ள அதே உரிமையோடு. மீதியை நீ எழுது. எழுதியதும் எனக்கு அனுப்பு.